ரிப்போர்ட் நார்மல்... ஆனால், வலி நிஜம்! அடிக்கடி வயிற்றுவலியா? குழந்தைகளுக்கான ரிலாக்ஸ் பயிற்சிகள்

திங்கட்கிழமை காலை 7.30 மணி. யூனிஃபார்ம் போட்டாயிற்று, தலை பின்னியாயிற்று. தட்டில் வைத்த இட்லியில் பாதிகூட உள்ளே போகவில்லை. `அம்மா... வயிறு வலிக்குதும்மா' என்று தொப்புளைச் சுற்றிக் கையை வைத்துக்கொண்டு சுருண்டு உட்கார்கிறது குழந்தை. வாசலில் வேன் ஹாரன் அடிக்கிறது. லீவு சொல்லியாகிறது. பத்தரை மணிக்குப் பார்த்தால், அதே குழந்தை சோபாவில் குதித்து விளையாடிக்கொண்டிருக்கிறது.

ஒரு நாள் இப்படி நடந்தால், அஜீரணம் என்று விட்டுவிடலாம். மாதக்கணக்கில் நடந்தால்? ரத்தம், சிறுநீர், மலம் எல்லாம் பரிசோதித்து, ஸ்கேனும் எடுத்து, `எல்லாம் நார்மல்' என்று டாக்டர் சொன்ன பிறகும் தொடர்ந்தால்?

வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். `ஸ்கூலுக்கு மட்டம் போடறதுக்கு நடிக்கிறா' என்பது ஒரு கட்சி. `டாக்டருக்குச் சரியாப் பார்க்கத் தெரியலை, வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம்' என்பது இன்னொரு கட்சி. பெரும்பாலான நேரங்களில் இரண்டு கட்சியும் சொல்வது தவறு. குழந்தைக்கு ஆபத்தான நோய் எதுவும் இல்லை. அதே சமயம், அது உணரும் வலி முழுக்க நிஜம். இந்த இரண்டையும் பெற்றோர் ஒருசேர நம்பும் இடத்தில்தான் சிகிச்சை தொடங்குகிறது.

இந்த வலியைக் குறைக்க வீட்டிலேயே சொல்லித்தரக்கூடிய ரிலாக்ஸ் பயிற்சிகள், அவற்றை எப்போது செய்வது, எந்த அறிகுறி இருந்தால் உடனே டாக்டரிடம் ஓடுவது... எல்லாவற்றையும் இந்த வாரம் பார்ப்போம்.

பத்தில் ஒரு குழந்தைக்கு!

பிரிட்டனில் பிரிஸ்டல் நகரைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் ஜான் ஆப்லி, சக ஆய்வாளருடன் சேர்ந்து 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து, 1958-ல் முடிவுகளை வெளியிட்டார். மூன்று மாதங்களில் குறைந்தது மூன்று முறை, அன்றாட வேலையைப் பாதிக்கும் அளவுக்கு வயிற்றுவலி வந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தார். கிட்டத்தட்ட பத்தில் ஒரு குழந்தைக்கு அப்படி இருந்தது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு உடலில் எந்தக் கோளாறும் தென்படவில்லை.

இன்றைய மருத்துவம் இதை `செயல்பாட்டு வயிற்றுவலி' என்கிறது. 2016-ல் வெளியான ரோம் 4 வழிகாட்டுதல், இதை நான்கு வகைகளாகப் பிரிக்கிறது. மேல் வயிற்றில் வலி, சீக்கிரமே வயிறு நிறைந்துவிடும் உணர்வு ஒரு வகை. மலம் கழிப்பதில் மாற்றத்தோடு வரும் வலி இரண்டாவது வகை. திடீரென்று கடுமையாக வந்து, வாந்தி உணர்வையும் முகம் வெளிறுவதையும் கூட்டிவரும் `வயிற்று மைக்ரேன்' மூன்றாவது. இவை எதிலும் அடங்காத பொதுவான வயிற்றுவலி நான்காவது. எந்த வகை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. குடலில் புண்ணோ, கட்டியோ, கிருமியோ இல்லை. குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் விதத்தில்தான் சிக்கல்.

நோய் இல்லாமல் வலி எப்படி வரும்?

பரீட்சை ஹால் வாசலில் வயிற்றைக் கலக்கியது பெரியவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று யாரும் கெட்டுப்போன சாப்பாட்டைச் சாப்பிடவில்லை. மனதில் வந்த பயத்தை வயிறு உணர்ந்தது, அவ்வளவுதான்.

குடல் சுவரில் கோடிக்கணக்கான நரம்பு செல்கள் இருக்கின்றன. இவற்றின் வலைப்பின்னலை `இரண்டாவது மூளை' என்றே சொல்வதுண்டு. தலையில் இருக்கும் மூளைக்கும் இதற்கும் இடையே ஓயாமல் தகவல் போய்வருகிறது. சாப்பாடு நகர்வது, வாயு சேர்வது, குடல் சுருங்கி விரிவது... இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். நாம் அதை உணர்வதில்லை. ஆனால், சில குழந்தைகளின் நரம்புகள் இந்தச் சாதாரண அசைவையே வலியாக மூளைக்குச் சொல்கின்றன.

பூனை உரசினாலே அலறும் பைக் அலாரத்தைப் பார்த்திருப்போம். பைக்கை யாரும் திருடவில்லை. ஆனால், அலாரச் சத்தம் பொய்யில்லை, தெருவே விழித்துக்கொள்கிறது. இந்தக் குழந்தைகளின் வயிற்றிலும் அலாரம் அப்படித்தான் கூர்மையாகிவிட்டது.

ஏன் கூர்மையாகிறது? கடுமையான வயிற்றுப்போக்கு வந்து குணமான பிறகு சிலருக்கு ஆரம்பிக்கும். மலச்சிக்கல் காரணமாகலாம். புதுப்பள்ளி, பரீட்சை, வீட்டில் சண்டை, நெருக்கமானவரின் மரணம் போன்றவையும் தூண்டலாம். பெற்றோரில் ஒருவருக்கு இதேபோன்ற வயிற்றுத் தொல்லை இருப்பதும் உண்டு. பல குழந்தைகளுக்கு இப்படி ஒரே காரணத்தைச் சுட்டிக்காட்டவே முடியாது.

அதன்பின் ஒரு சுழற்சி தொடங்குகிறது. வலி வருகிறது, `மறுபடியும் வருமோ' என்ற பயம் வருகிறது, பயத்தில் உடம்பு இறுகுகிறது, இறுகிய உடம்பில் அலாரம் இன்னும் எளிதாக அலறுகிறது. இந்தச் சுழற்சியை இடையில் அறுப்பதுதான் ரிலாக்ஸ் பயிற்சிகளின் வேலை.

முதலில் டாக்டர்... பிறகுதான் பயிற்சி!

அடிக்கடி வயிற்றுவலி என்றால், முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். குடற்புழு, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பால் ஒத்துக்கொள்ளாமை என்று எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுக்கப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைக் குழந்தை சாப்பிட்டதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும், `இதுவும் அந்த வலிதான்' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

* எடை குறைவது, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் போவது

* மலத்தில் ரத்தம், அல்லது தார் போல கறுப்பாக மலம்

* தொடர் வாந்தி, குறிப்பாகப் பச்சை நிறத்தில் வாந்தி

* காரணம் தெரியாத காய்ச்சல், மூட்டுவலி, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண்

* தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, இரவில் வயிற்றுப்போக்கு

* தொப்புளைச் சுற்றி இல்லாமல், வலது பக்கம் ஒரே இடத்தில் நிலைத்து நிற்கும் வலி

* சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், விழுங்குவதில் சிரமம்

* அதிக தாகம், அடிக்கடி சிறுநீர் போவது, இவற்றோடு சேர்ந்த வயிற்றுவலி (குழந்தைகளுக்கு வரும் சர்க்கரைநோயின் அறிகுறியாக இருக்கலாம்)

* ஆண் பிள்ளைகளுக்கு அடிவயிற்றிலோ, விதைப்பையிலோ திடீரென்று வரும் கடும் வலி (விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது)

இவை எதுவும் இல்லை, பரிசோதனையும் நார்மல் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அடுத்தடுத்து ஸ்கேன் எடுப்பதில் பலன் இல்லை. ஒவ்வொரு புதுப் பரிசோதனையும், `எனக்கு என்னமோ பெருசா இருக்கு' என்ற பயத்தைத்தான் குழந்தையின் மனதில் வளர்க்கும்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

`மூச்சை இழுத்து விட்டா வயித்துவலி போயிடுமா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த வகை வயிற்றுவலி இருந்த 34 குழந்தைகளைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு, வீட்டில் கேட்டுப் பழகுவதற்கான `கற்பனைப் பயண' ஒலிப்பதிவுகள். பதிவைக் கேட்ட பிரிவில் 63% பேருக்கு நல்ல முன்னேற்றம். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் அது 27%.

நெதர்லாந்தில் 2007-ல் வெளியான ஆய்வு, வயிற்றை மையமாக வைத்த ஹிப்னோதெரபியைப் பற்றியது. 8 முதல் 18 வயது வரையுள்ள 53 பேர் பங்கேற்றார்கள். மூன்று மாதங்களில் ஆறு அமர்வுகள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 85% பேர் நலம்பெற்றிருந்தார்கள். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 25% பேர். ஹிப்னோதெரபி என்றதும் மேடையில் நடக்கும் வசிய வித்தையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆழ்ந்த ரிலாக்ஸ் நிலையில், வயிறு இதமாக இருப்பதாகக் கற்பனை செய்யவைக்கும் முறை இது. பயிற்சி பெற்ற நிபுணரிடம் மட்டுமே செய்ய வேண்டும்.

அதற்காக இதை எல்லோருக்கும் பலிக்கும் மந்திரமாக நினைக்கவும் கூடாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2017-ம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, ஹிப்னோதெரபியும் எண்ணங்களை மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் பலன் தரக்கூடும் என்றது. ஆனால், ஆய்வுகளின் தரம் இன்னும் உயர வேண்டும் என்றும் சொன்னது. இந்த வலிக்கு யோகா சிகிச்சை பலன் தரும் என்று சொல்ல அப்போது போதிய ஆதாரம் இல்லை. யோகாவைக் குழந்தை விரும்பிச் செய்தால் செய்யட்டும். `யோகா பண்ணினா ஒரே வாரத்துல போயிடும்' என்று வாக்குக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் செய்ய நான்கு பயிற்சிகள்

1. பொம்மை ஏறி இறங்கும் மூச்சு

குழந்தையை மல்லாக்கப் படுக்கச் சொல்லுங்கள். முழங்கால்கள் லேசாக மடங்கியிருக்கட்டும். தொப்புள் மேல் ஒரு சின்னப் பொம்மையை வையுங்கள். `மூக்கு வழியா மெதுவா மூச்சை இழு, பொம்மை மேல ஏறணும். இப்போ வாய் வழியா மெதுவா விடு, பொம்மை கீழ இறங்கணும். பொம்மை விழாமப் பார்த்துக்கோ!'

மூன்று எண்ணும்வரை இழுப்பது, ஐந்து எண்ணும்வரை விடுவது. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூச்சை அடக்கிவைக்க வேண்டாம். பத்து முறை போதும். தலை சுற்றுவதுபோல இருந்தால் நிறுத்திவிட்டு, சாதாரணமாக மூச்சு விடட்டும்.

மெதுவாக மூச்சை வெளியே விடும்போது, உடம்பை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் வேலை செய்யத் தொடங்குகிறது. படபடப்பு குறைகிறது, வயிற்றுத் தசைகள் தளர்கின்றன.

ஐந்து வயதுக்குட்பட்ட வாண்டுகளுக்கு எண்ணிக்கையெல்லாம் சரிப்படாது. சோப்புக்குமிழி ஊதவிடுங்கள். பெரிய குமிழி வர வேண்டும் என்றால் மெதுவாகத்தானே ஊத வேண்டும்? காகிதக் காற்றாடியை நிற்காமல் சுற்றவைப்பதும் இதே பயிற்சிதான்.

2. இறுக்கு... விடு!

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்ஸன், நூறு ஆண்டுகளுக்கு முன்பு உருவாக்கிய முறை இது. ஒவ்வொரு தசையாக இறுக்கி, பிறகு தளர்த்துவது. இறுகி இருப்பதற்கும் தளர்ந்து இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பு இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. குழந்தைகளுக்கு விளையாட்டாகவே சொல்லித்தரலாம். ஒவ்வொன்றையும் ஐந்து நொடிகள் இறுக்கி, பத்து நொடிகள் தளரவிட வேண்டும்.

* கை: ஈரத்துண்டைப் பிழிவதுபோல இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடி... அப்படியே விட்டுடு.

* தோள்: ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்வதுபோல, தோளைக் காது வரைக்கும் தூக்கு... இறக்கு.

* முகம்: புளியங்காயைக் கடித்தால் முகம் எப்படிப் போகும்? அப்படிச் சுளி... விடு.

* கால்: கடற்கரை மணலில் கால் விரல்களைப் புதைப்பதுபோல அழுத்து... விடு.

* வயிறு: கடைசியாக, லேசாக உள்ளே இழு... விடு. வலி இருக்கும் நேரத்தில் வயிற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

3. கற்பனைப் பயணம்

இரவு படுக்கையில் கதை சொல்லும் நேரம் இதற்குப் பொருத்தமானது. குழந்தைக்குப் பிடித்த, பயமில்லாத ஓர் இடத்தை அதுவே தேர்ந்தெடுக்கட்டும். தாத்தா வீட்டுத் தோட்டமோ, கடற்கரையோ, ரயிலின் ஜன்னலோர சீட்டோ... எதுவாகவும் இருக்கலாம். பெற்றோர் மெதுவான குரலில் இப்படிச் சொல்லலாம்:

`கண்ணை மூடிக்கோ தங்கம். மூடப் பிடிக்கலைன்னா சுவத்துல ஒரு இடத்தையே பாரு. ரெண்டு உள்ளங்கையையும் சூடு வர்ற வரைக்கும் தேய்... இப்போ தொப்புள் மேல வை. கையில இருக்கிற சூடு மெதுவா உள்ள இறங்குது. மார்கழிக் குளிர்ல உறைஞ்ச தேங்காய் எண்ணெய், வெயில்ல வச்சதும் இளகும் பார்த்திருக்கியா? அந்த மாதிரி வயித்துக்குள்ள இறுகினதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இளகுது. நீ தாத்தா வீட்டுத் திண்ணையில படுத்திருக்கே. வேப்பமரக் காத்து வருது. தூரத்துல கோழி சத்தம் கேக்குது. பக்கத்துல யார் இருக்காங்க? என்ன வாசனை வருது?'

ஐந்து முதல் பத்து நிமிடங்கள் போதும். அம்மாவோ, அப்பாவோ தங்கள் குரலிலேயே மொபைலில் பதிவுசெய்து வைத்தால், வேலைக்குப் போன நாளிலும் குழந்தை கேட்டுக்கொள்ளலாம். ஆனால், பதிவைப் போட்ட பிறகு ஸ்கிரீனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

4. பெஞ்சில் உட்கார்ந்தபடியே...

வகுப்பில் வலி வந்தால் படுக்கவோ, பொம்மை வைக்கவோ முடியாது. யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய சின்ன வடிவம் தேவை. டெஸ்க்கின் கீழே இரண்டு கைகளையும் இறுக்கி, மெதுவாகத் திறப்பது மூன்று முறை. நீளமாக மூச்சை விடுவது ஐந்து முறை. பிறகு ஜன்னல் வழியே தெரியும் ஐந்து பொருள்களை மனதுக்குள் எண்ணுவது. பதின்பருவப் பிள்ளைகளுக்கு இதுதான் மிகவும் பிடிக்கும். மற்றவர்கள் முன்னால் வித்தியாசமாகத் தெரியக் கூடாது என்பது அவர்களுக்கு முக்கியம்.

வலி இல்லாத நாளில் பழகுங்கள்

பலரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். வலி வந்த பிறகு, `மூச்சு விடு, மூச்சு விடு' என்று அவசரப்படுத்தினால் குழந்தைக்கு எரிச்சல்தான் வரும். நீச்சலைத் தண்ணீரில் தத்தளிக்கும்போது கற்றுக்கொள்ள முடியாதல்லவா? வலி இல்லாத நேரத்தில், தினமும் 10 நிமிடங்கள், தூங்கப்போகும் முன்பு பழக வேண்டும். எல்லாப் பயிற்சிகளையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். முதல் வாரம் மூச்சு, அடுத்த வாரம் இறுக்கு-விடு, பிறகு கற்பனைப் பயணம் என்று போகலாம். எது பிடிக்கிறது என்று குழந்தையே சொல்லும், அதைத் தொடருங்கள்.

பெற்றோரும் கூடவே படுத்துச் செய்வது நல்லது. குழந்தைக்கு அது சிகிச்சையாகத் தெரியாது, விளையாட்டாகத் தெரியும். அப்பாவின் தொந்தி மேல் பொம்மை ஏறி இறங்குவதைப் பார்ப்பதைவிடப் பெரிய கொண்டாட்டம் என்ன இருக்கிறது?

பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். இரண்டே நாளில் `இது வேலைக்கு ஆகாது' என்று விட்டுவிடாதீர்கள்.

`வலிக்குதா?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களா?

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் லின் வாக்கர் குழுவினர், 2006-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. குழந்தைகளை வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கவைத்து, லேசான வயிற்று அசௌகர்யத்தை உண்டாக்கினார்கள். ஒரு பிரிவுப் பெற்றோர், குழந்தையின் அசௌகர்யத்தைப் பற்றியே ஆறுதலாகப் பேசினார்கள். இன்னொரு பிரிவினர் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள். மூன்றாவது பிரிவினருக்கு எந்த அறிவுரையும் தரவில்லை.

இந்த மூன்றாவது பிரிவோடு ஒப்பிட்டால், வலியைப் பற்றியே பேசிய பிரிவில் குழந்தைகளின் புகார்கள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காயின. பேச்சை மாற்றிய பிரிவில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வயிற்றுவலிக் குழந்தைகளின் பெற்றோர், `பேச்சை மாற்றினால் குழந்தைக்குக் கெடுதல்' என்று நினைத்தார்கள். ஆனால், அந்தக் குழந்தைகளோ, பேச்சை மாற்றியபோதுதான் நன்றாக இருந்தது என்றார்கள்.

அப்படியானால் வலியைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டுமா? கூடாது. `ஒண்ணுமில்லே, சும்மா இரு' என்றால், `அம்மா என்னை நம்பலை' என்றுதான் குழந்தைக்குத் தோன்றும். நம்ப வைப்பதற்காகவே வலியை இன்னும் அழுத்திச் சொல்லும். ஒரே ஒரு முறை ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு கவனத்தைத் திருப்புங்கள்.

`வலிக்குதுன்னு எனக்குத் தெரியுது கண்ணு. டாக்டர் நல்லாப் பார்த்துட்டாரு, பயப்படற மாதிரி ஒண்ணுமில்லே. உன் வயித்து அலாரம் கொஞ்சம் சத்தமா அடிக்குது. வா, பொம்மை மூச்சு பத்து தடவை பண்ணுவோம். அப்புறம் ஷூவை மாட்டிக்கிட்டுக் கிளம்பலாம்.'

இன்னும் சில விஷயங்கள்:

* காலையில் எழுந்ததும் `இன்னிக்கு வயிறு எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். வலித்தால் குழந்தையே சொல்லும்.

* உறவினர்களிடம் போனில் `என்ன வியாதின்னே தெரியலை' என்று குழந்தையின் காதுபடப் புலம்பாதீர்கள்.

* லேசான வலியோடும் பள்ளிக்குப் போகலாம். நீண்ட நாள் லீவு எடுத்த குழந்தை என்றால், முதலில் அரை நாள், பிறகு முழு நாள் என்று பழக்கலாம். வகுப்பு ஆசிரியரிடம் விஷயத்தைச் சொல்லி, வலி வந்தால் ஐந்து நிமிடங்கள் அமைதியாக உட்கார அனுமதி கேளுங்கள்.

* வீட்டில் இருக்க நேர்ந்தால், டி.வி, மொபைல், ஸ்பெஷல் தின்பண்டம் எதுவும் வேண்டாம். திட்டும் வேண்டாம். ஓய்வு மட்டும் போதும்.

* பரீட்சையில் மார்க் வாங்கினால் பாராட்டுவதுபோல, `வலியோட இருந்தும் ஸ்கூல் போயிட்டு வந்துட்டியே!' என்றும் பாராட்டுங்கள்.

பாட்டி கை வைத்தியம்... எதற்கு ஓகே, எதற்கு நோ?

தொப்புளைச் சுற்றிப் பெருங்காயப் பற்று, ஓமத் தண்ணீர், வெந்நீர் ஒத்தடம்... நம் வீடுகளில் வயிற்றுவலி என்றாலே இவைதான் முதலில் வரும். துணியில் சுற்றிய இளஞ்சூடான ஒத்தடம் குழந்தைக்கு இதமாகவே இருக்கும். சூட்டைப் பெரியவர்கள் தங்கள் கையில் வைத்துச் சரிபார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். பாட்டி மடியில் படுக்கவைத்துத் தலையைக் கோதிவிட்டால், அதுவும் ரிலாக்ஸ் பயிற்சிதான்.

ஆனால், `குடல் ஏறிடுச்சு' என்று சொல்லி வயிற்றை அழுத்தித் தடவுவது, தலைகீழாகப் பிடித்து உதறுவது போன்றவை ஆபத்தானவை. உள்ளே குடல்வால் வீக்கம் இருந்து, அது தெரியாமல் அழுத்தினால் விபரீதமாகிவிடும். பேதிக்குக் கொடுப்பது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் வேண்டாம். சில வலி மாத்திரைகள் இரைப்பையையே புண்ணாக்கும்.

வலி ஏதாவது சொல்ல வருகிறதா?

ரிலாக்ஸ் பயிற்சி குழந்தையின் வாயை மூடும் வழியாக மாறிவிடக் கூடாது. இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். என்று, எத்தனை மணிக்கு வலி வந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டது, மலம் கழித்ததா, அன்று பள்ளியில் என்ன பாடவேளை... அவ்வளவு போதும். குழந்தையைக் குடைந்து கேட்காமல், பெற்றோரே கவனித்து எழுத வேண்டும். பிறகு, அந்த நோட்டே பேசும்.

விடுமுறை நாள்களில் வலி வருவதே இல்லையா? கணக்குப் பாடம் இருக்கும் நாளில் மட்டும் வருகிறதா? பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லாததால், காலையிலிருந்து மாலை வரை அடக்கிவைக்கிறதா? வேனில் யாராவது கேலி செய்கிறார்களா? குறிப்பிட்ட ஒருவரின் வீட்டுக்கோ, டியூஷனுக்கோ போகும் நாளில் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறதா? இதில் எதற்காவது `ஆமாம்' என்று பதில் வந்தால், மூச்சுப்பயிற்சியோடு நிறுத்திவிடாதீர்கள். காரணத்தைச் சரிசெய்ய வேண்டும். குழந்தையைத் தனியாக உட்காரவைத்து, கோபப்படாமல் கேளுங்கள். தவறான தொடுதல், அடி, மிரட்டல் எதுவாக இருந்தாலும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். பயம், பதற்றம், சோர்வு அதிகமாகத் தெரிந்தால், 14416 என்ற டெலிமனஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

`வலி சுத்தமாப் போயிடுச்சா?' என்ற கேள்வி வேண்டாம். சில குழந்தைகளுக்கு வலி அவ்வப்போது எட்டிப்பார்த்துக்கொண்டேதான் இருக்கும். போன மாதம் எத்தனை நாள் பள்ளிக்குப் போனது, இந்த மாதம் எத்தனை நாள்? மாலையில் விளையாடப் போகிறதா? சாப்பாட்டைப் பயமில்லாமல் சாப்பிடுகிறதா? வலி வந்தால் அழாமல், தானே போய்ப் படுத்துப் பொம்மையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொள்கிறதா? இவைதான் அளவுகோல்கள்.

இரண்டு மாதங்கள் ஒழுங்காகச் செய்தும் மாற்றமில்லை, பள்ளிக்குப் போவதும் குறைகிறது என்றால், மீண்டும் டாக்டரைப் பாருங்கள். குழந்தைகளுக்கான மனநல நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கவும் தயங்க வேண்டாம். அப்படி அனுப்புவதற்கு, `உன் குழந்தை நடிக்கிறது' என்று அர்த்தமில்லை. கூர்மையாகிவிட்ட அலாரத்தின் சத்தத்தைக் குறைக்கத் தெரிந்த இன்னொருவரின் உதவியும் தேவைப்படுகிறது என்றுதான் அர்த்தம்.

அடுத்த வாரம்: பள்ளிக் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிவைக்கும் குழந்தைகள்... மலச்சிக்கலைச் சரிசெய்ய என்ன வழி?